கள்ளத்தோணி யார்?

வணக்கம் அண்ணா,
2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் தத்தளித்த, மியன்மாரின் ரோஹிங்யா மக்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தபோது, அவர்களைக் கள்ளத்தோணி என்றவர்களைத் திட்டி எழுதியிருந்தீர்கள். விசா இல்லாமல் படகில் வந்தால் அது கள்ளத்தோணிதானே? இதில் கோபப்பட என்ன இருக்கிறது?
(உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி,

அகராதியைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல் அதிகம் சுட்டது தோணியே ஏறாத மலையகத் தமிழரை. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தபோது, தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் பரிசோதித்து, அடையாளத்துக்குத் தகரத் துண்டு கொடுத்து, அரசாங்கம் அறியத்தான் கூட்டிவந்தார்கள். 1914க்குப் பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடித்தார்கள், இதில் கள்ளம் எங்கே? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, இங்கேயே பிறந்து கொழுந்து பறித்த பேரப்பிள்ளையும் கள்ளத்தோணிதான். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்கள், அதில் எத்தனை பேர் இந்தியாவைக் கண்ணால் கண்டவர்கள்? சிங்களவர் தலையில் மட்டும் இதைக் கட்டிவிடவும் முடியாது, வடக்கு கிழக்குத் தமிழரான நாமும் வாய்கூசாமல் சொன்னவர்கள்தான்.

களவாக வந்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அது வேறு கதை.

அப்புறம் 83 இனக்கலவரம். இங்கிருந்து மன்னாருக்குப் போய், இரவோடிரவாகப் போட் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினவர்கள் உங்கள் சொந்தத்திலும் இருப்பார்கள். பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை. பலர் போய்ச் சேர்ந்ததும் அதே மண்டபம் முகாம்தான். நம் வாயில் அவர்கள் ‘இந்தியாவுக்குப் போனவை’, கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் ‘அகதிகள்’. கள்ளத்தோணி என்று ஒருவரும் சொல்லவில்லை.

1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, உயிராபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்து தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய் நிற்கிறவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இலங்கை அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, ஆனாலும் இந்தியா நம்மவர்களுக்கு முகாம் கொடுத்தது. ரோஹிங்யாக்களுக்கோ மியன்மாரின் 1982 சட்டமே குடியுரிமையை அடைத்துவிட்டது, நம் 1948 மாதிரித்தான். விசாவை விடுங்கள், பாஸ்போட்டை அவர்கள் எந்தக் கந்தோரில் போய் எடுப்பது?

எழுதுவதென்றால் படகில் வந்த அகதிகள் என்று எழுதுங்கள். ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், கடலில் தத்தளித்துக் கரை சேர்ந்தவர்கள் இங்கே எங்கே குடியேறினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.