ஜீட்டாவா, ஆல்ஃபாவா? – ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு ஆறு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மாருதி ஜிம்னி வாங்குவதென முடிவு செய்துவிட்டோம். ஜீட்டா வேரியன்ட் போதும் என்பது என் கருத்து. ஆல்ஃபாதான் வேண்டும் என்கிறான் மகன். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: ஜீட்டாவையே வாங்குங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மகனிடமும் நீங்கள் இதைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் அல்லவா?

காட்டுப் பாதைக்கென்று ஒரு வண்டியை வாங்கும்போது, அதன் வேரியன்ட் பட்டியலை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். வாங்கிய பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் சேர்க்க முடியாதவை ஒரு பக்கம்; பின்னால் நிதானமாகக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளக் கூடியவை மறுபக்கம். சேசிஸ், சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில், இன்ஜின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி ஆகியவை முதல் வகை. திரை, ஸ்பீக்கர், அலாய் வீல், தோல் உறை போன்றவை இரண்டாம் வகை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் முதல் வகைக்குப் போகிறதென்றால் யோசிக்காமல் கொடுக்கலாம்; இரண்டாம் வகைக்குத்தான் போகிறதென்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தபோது, மேனுவல் கியர் கொண்ட ஜீட்டாவின் எக்ஸ்-ஷோரூம் விலை 12.74 லட்சம், ஆல்ஃபாவின் விலை 13.69 லட்சம். இந்த 95 ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் முதல் வகைப் பொருள் எதுவும் இல்லை என்பதுதான் ஜிம்னியின் சிறப்பு. ஏணி போன்ற தனிச் சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த ரிஜிட் ஆக்சில், 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின், 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, வலுவாக இயங்கும் நிலை) வரை செல்லும் தனி லீவர், 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், ஆறு ஏர்பேக், இஎஸ்பி, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு, இறக்கத்தில் தானே பிரேக் பிடித்து இறக்கும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் ஆகிய அனைத்தும் ஜீட்டாவிலேயே உண்டு. 195/80 ஆர்15 என்ற டயர் அளவிலும் மாற்றமில்லை.

உங்களுக்கு அதிகம் உதவப்போவது, விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று. கொண்டை ஊசி வளைவில் மழைநீர் அரித்த பள்ளம் பாதைக்குக் குறுக்கே ஓடும். முன் இடது சக்கரம் அதில் இறங்கும்போது, எதிர் மூலையில் உள்ள பின் வலது சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரத்தில் பாரம் இல்லையோ அதைத்தான் சுற்றும். ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தும் இரண்டு சக்கரங்கள் வீணாகச் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது இதனால்தான். ஜிம்னியில் அப்படி வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையைத் தரையில் பதிந்திருக்கும் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. சிறுமலையில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில், முதல் மழை பெய்து செம்மண் சோப்பைப்போல் வழுக்கிய நாளில், நான் இதை 4எல் கியரில் ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் சுழலத் தொடங்கியதும் அடியில் கடகடவென்று ஏதோ உடைவதுபோல் ஒரு சத்தம் வந்தது. முதல் முறை பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், வண்டியும் நின்றுவிட்டது. இரண்டாம் முறை அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே சீராக அழுத்திப் பிடித்தேன். இரண்டு விநாடி தயங்கிய வண்டி பள்ளத்தைத் தாண்டி ஏறிவிட்டது. இந்த வசதியும் இரண்டு வேரியன்ட்டுக்கும் பொது என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஆல்ஃபாவில் கூடுதலாகக் கிடைப்பவை 9 அங்குலத் திரை (ஜீட்டாவில் 7 அங்குலம்), தானியங்கி ஏசி, பட்டன் ஸ்டார்ட், குரூஸ் கன்ட்ரோல், அலாய் வீல், எல்இடி முகப்பு விளக்கும் அதைக் கழுவும் வாஷரும், பனிமூட்ட விளக்கு. மண்பாதையில் அலாய் வீல் எனக்கு ஒரு பயமே. கல்லில் மோதினால் ஜீட்டாவின் இரும்பு டிஸ்க் நெளியும். ஊர்ப் பஞ்சர் கடையிலேயே சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, காற்றுப் பிடிக்கும் அளவுக்குச் செய்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

விளக்கைப் பற்றி மட்டும் யோசியுங்கள். மாலையில் தோட்டத்திலிருந்து இறங்க அடிக்கடி இருட்டிவிடும் என்றால் ஆல்ஃபாவின் எல்இடி உண்மையிலேயே உதவும். ஆனால் உங்கள் மலையில் இருட்டைவிடப் பெரிய சிக்கல் பனிமூட்டம். அடர்ந்த மூட்டத்தில் வெண்ணிற ஒளி எதிரே சுவரில் பட்டதுபோல் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பருக்குக் கீழே தாழ்வாக ஒளிவிடும் பனி விளக்குதான் பாதையின் ஓரத்தைக் காட்டும். ஜீட்டாவில் அதைப் பின்னால் பொருத்திக்கொள்ளலாம். வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் மூலம் இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரும். ஹாலஜனுக்காக வார்க்கப்பட்ட முகப்பு விளக்கில் வெறும் எல்இடி பல்பை மாட்டுவது கூடாது. எதிரே வருபவரின் கண் கூசும், உங்களுக்கும் வெளிச்சம் சரியான இடத்தில் விழாது.

மிச்சமாகும் பணத்தில் முதலில் டயரை மாற்றுங்கள். வண்டியோடு வரும் டயர் நெடுஞ்சாலைக்கானது; ஈரக் களிமண் அதன் பள்ளங்களை இருபது அடிக்குள் நிரப்பிவிடும், அதன்பின் வழவழப்பான உருளையைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அதே அளவில் ஆல் டெரைன் டயர், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து வாங்குங்கள். அடிப்பாகத்தைக் காக்கும் இரும்புத் தகடு, இழுப்பதற்கு நல்ல பட்டை, அதை மாட்ட இரண்டு ஷாக்கிள், 12 வோல்ட் காற்று கம்ப்ரசர் ஆகியவை அடுத்து. ஆல்ஃபா வாங்கிவிட்டு இவை எதுவும் இல்லாமல் மலையேறுபவரைவிட, இவற்றோடு ஜீட்டாவில் செல்பவர் மழைக்காலத்தில் நிச்சயமாக வீடு சேர்வார்.

கேள்வி: 2021ஆம் ஆண்டு மஹிந்திரா தார், டீசல், எல்எக்ஸ் வேரியன்ட்டைப் பழைய வண்டியாக வாங்கினேன். பின்னால் மெக்கானிக்கல் லாக்கர் உள்ளது. தேரி மணலில் எங்கள் பனங்காட்டுக்குப் போகும்போது இரண்டு முறை புதைந்துவிட்டது. லாக்கர் இருந்தும் ஏன் இப்படி? விலை குறைந்த ஏஎக்ஸ் ஆப்ஷனலின் 16 அங்குல சக்கரத்தை மாட்டினால் சரியாகுமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. லாக்கர் என்பது ஓர் ஆக்சிலின் இடது வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடும் கருவி. இரண்டுக்கும் இடையே சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றைத் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும். பாறையிலும் பள்ளத்திலும் அதன் அருமை தெரியும். மணலில் கதை வேறு. அங்கே நான்கு சக்கரங்களும் ஒன்றுபோல் புதைகின்றன. பூட்டிய சக்கரம் இன்னும் வேகமாகத் தோண்டும். மணலில் வேண்டியது மிதப்பு, அதாவது டயர் மணல்மீது அகலமாகவும் நீளமாகவும் படிவது.

காற்றைக் குறைத்தால் மட்டுமே அப்படிப் படியும்; அதற்கு டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். எல்எக்ஸின் அளவு 255/65 ஆர்18. பக்கச்சுவர் உயரம் 255இல் 65 சதவீதம், ஏறத்தாழ 166 மில்லிமீட்டர். ஏஎக்ஸ் ஆப்ஷனலின் அளவு 245/75 ஆர்16. அதன் பக்கச்சுவர் ஏறத்தாழ 184 மில்லிமீட்டர். விலை குறைந்த வேரியன்ட்டில்தான் மணலுக்கும் கல்லுக்கும் ஏற்ற சக்கரம் இருக்கிறது. ஷோரூமில் 18 அங்குல அலாய் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மை; ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு அங்குலமும் ரப்பரிலிருந்து எடுத்து உலோகத்துக்குக் கொடுத்தது.

எனவே தாராளமாக மாற்றலாம். அதே மாடலுக்கென்று நிறுவனமே கொடுத்த அளவு என்பதால் இது பாதுகாப்பான மாற்றம். ஆயினும் வாங்குமுன் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி, பிரேக் கேலிபரில் உரசாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். மொத்த விட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் குறையும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு முன், அடுத்த முறை பனங்காட்டுக்குப் போகும்போது மணல் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, இப்போதுள்ள டயரிலேயே காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்துப் பாருங்கள். வேகத்தையும் திருப்பத்தையும் மிதமாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் கட்டாயம் பழைய அளவுக்கு நிரப்புங்கள். புதைந்த இரண்டு முறையும் காற்று முழுதாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: தார் பின்சக்கர இயக்க வண்டி பார்ப்பதற்கு ஃபோர் வீல் டிரைவைப் போலவே இருக்கிறது, விலையோ மிகக் குறைவு. இதை வாங்கிவிட்டுப் பின்னால் ஃபோர் வீல் டிரைவாக மாற்றிக்கொள்ளலாமா? தினமும் கோவைக்கு அலுவலகம் சென்று வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை மலைப் பயணம்.
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: மாற்ற முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸ், விசை பெறும் முன் ஆக்சில், அதற்கான தண்டு, மின்னணு இணைப்புகள் என்று பாதி வண்டியைப் புதிதாகக் கட்ட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. முன்பு நான் சொன்ன முதல் வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

விலை குறைவுக்குப் பெரும் காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசல் இன்ஜினும் இருந்தால் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். தாரின் நீளம் 3,985 மில்லிமீட்டர். பின்சக்கர இயக்க வண்டியில் 1.5 லிட்டர் டீசலும், ஃபோர் வீல் டிரைவ் டீசலில் 2.2 லிட்டர் இன்ஜினும் இருப்பதால் இரண்டும் வெவ்வேறு வரிக்குள் விழுகின்றன. இழுவிசை இரண்டிலும் 300 நியூட்டன் மீட்டர்தான் என்பதால், சாலையில் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. நீங்கள் விவரித்த பயணத்துக்குப் பின்சக்கர இயக்கமே போதும். ஆண்டுக்கு இரண்டு முறை போகும் இடத்தின் கடைசிக் கிலோமீட்டர் மண்பாதை என்றால், அங்கே ஓடும் வாடகை ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. முழங்கால் வலி உண்டு. ஜிம்னியில் மேனுவல் ஆல்ஃபா வாங்கும் அளவுக்குப் பணம் வைத்திருக்கிறேன். மலைச்சாலைக்கு ஆட்டோமேட்டிக் சரிவராது என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்மையில்லை, சகோதரி. அறிமுக விலையில் ஜீட்டா ஆட்டோமேட்டிக் 13.94 லட்சம், மேனுவல் ஆல்ஃபாவைவிட 25 ஆயிரம்தான் அதிகம். அந்தப் பணம் பெரிய திரைக்குப் போவதைவிட உங்கள் முழங்காலுக்குப் போகட்டும். இது நான்கே கியர் கொண்ட பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் மூலம் விசையைக் கடத்தும் வகை. ஏற்றத்தில் இன்ஜின் சற்று இரையும், ஆனால் கிளட்ச் கருகும் கவலை இல்லை. இறக்கத்தில் மட்டும் டி-யிலேயே விட்டுவிடாமல் லீவரை 2க்குக் கொண்டுவாருங்கள். செங்குத்தான இடத்தில் எல். பிரேக்கையே மிதித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் எந்த வண்டியிலும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

கேள்வி: மழை நாளில் தார்ச்சாலையில் 4எச் (வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) போட்டு ஓட்டலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஜிம்னியிலும் தாரிலும் முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். அந்த வேறுபாட்டைச் சக்கரம் சற்று வழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் ஸ்டியரிங் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். சாலை முழுக்க நனைந்து, சேறும் இலையும் கிடக்கும் பகுதியில் மெதுவாகப் போடலாம். காய்ந்த தார் தெரிந்ததும் 2எச்சுக்கு, அதாவது பின்சக்கர இயக்கத்துக்கு, மாற்றிவிடுங்கள். லீவர் எளிதாக நகர மறுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்து ஓரிரு மீட்டர் பின்னால் நகர்த்துங்கள், விடுபட்டுவிடும்.