பூங்காவுக்குள் போன வாய்க்கால்

கேள்வி: ஐயா, குமராட்சி ஒன்றியத்தில் எனக்கு இரண்டு காணி நன்செய். அப்பா காலத்திலிருந்து பக்கத்து வயலின் வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் வரும், மழைத்தண்ணீர் வடிவதும் அதில்தான். அந்த வயலை வாங்கியவர் மனை போட்டு, வாய்க்காலைத் தூர்த்து, அந்தப் பட்டையைப் பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானமாக எழுதிவிட்டார். எங்கள் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். தலைவர் விலைபோய்விட்டார். கலெக்டரிடம் மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை. புலப்படத்தில் (வயலின் சர்வே வரைபடத்தில்) வாய்க்கால் இல்லை என்கிறார் சர்வேயர். தூர்த்து எட்டு மாதம் ஆகிறது. மனைப்பிரிவை ரத்து செய்ய முடியுமா?

பதில்: மனைப்பிரிவை விடுங்கள். 2020-ம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டத்தில் குமராட்சி வட்டாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தடுப்பது உருக்காலை, எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவற்றை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. கிராம சபைத் தீர்மானம் தடை உத்தரவு ஆகாது. தலைவர் காசு வாங்கினாரா என்பது உங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவராது.

உங்கள் வழக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வாய்க்கால் யாருடையது? கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அதைத் தானம் கொடுக்கவே அவருக்கு உரிமையில்லை. சர்வேயர் வாய்ச்சொல்லை நம்பாமல் பழைய புலப்பட நகலையும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அது அவர் பட்டா நிலம். உங்களுக்கு மிஞ்சுவது வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியாகத் தண்ணீர் வரவும் வடியவும் உள்ள உரிமை. நிலம் ஊராட்சிக்குப் போனாலும் அந்தப் பாத்தியதை நிலத்தோடு சேர்ந்தே போகும்.

இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். வசதியுரிமைச் சட்டம் 15-ம் பிரிவு 20 ஆண்டு இடையறாத அனுபவம் கேட்கிறது. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். அடைத்தது தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால் அனுபவம் அறுந்ததாகிவிடும். உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது. அந்த மூன்று மனுவும் நீங்கள் எதிர்த்தீர்கள் என்று காட்ட உதவும், ஒப்புகைச் சீட்டு இருந்தால். ஆனால் அந்த இரண்டு ஆண்டுக் கெடு அதனால் நிற்காது. அரசு நிலமென்றால் 30 ஆண்டு வேண்டும். பூங்காவைக் காட்டி எதிர்த்தரப்பு அதையும் கேட்கும். அதனால் அப்பா பெயர் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பாசன ஆதாரம் எழுதிய பக்கமும், கிரயப் பத்திரத்தில் வாய்க்கால் பாத்தியதை சொல்லும் வரியும் இப்போதே கையில் இருக்கட்டும்.

மனுவில் “எங்கள் சொந்த வாய்க்கால்” என்று எழுதினீர்களா? எழுதியிருந்தால் அதையே எதிர்த்தரப்பு தூக்கிக் காட்டும். சொந்தம் என்பவருக்கு வசதியுரிமை கிடையாது. வயலில் போர்வெல் போட்டிருந்தால் “வேறு வழியில்லை” என்ற வாதமும் போய்விடும், தேவை தீர்ந்தால் தேவையால் வந்த உரிமையும் தீரும். 20 ஆண்டு அனுபவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஜேசிபி வைத்து மண்ணை எடுக்கலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அடைப்பைத் தானே நீக்க 36-ம் பிரிவு அனுமதிக்கவில்லை. உங்கள் மேல்தான் போலீஸ் வழக்கு வரும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது ஒரு கையெழுத்து. மனைக்காரர் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு, “ஆட்சேபணை இல்லை” என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். நிரந்தரமாக அடைக்கும் வேலைக்குச் சம்மதித்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே 38-ம் பிரிவு கொள்ளும். குழாய் ஒரு வருடத்தில் தூர்ந்தபின் உங்களிடம் எதுவும் இருக்காது.

வில்லங்கச் சான்று போட்டு எத்தனை மனை கிரயமாகியிருக்கிறது என்று பாருங்கள். விற்பனை முடிவதற்குள் வழக்கைத் தாக்கல் செய்து, ஊராட்சியையும் பிரதிவாதியாகச் சேருங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரையும் தீர்ப்பு கட்டும். அதற்கு முன்பே விற்றுவிட்டால் ஒவ்வொரு மனைக்காரரும் ஒரு பிரதிவாதி. கூடவே, இடத்தைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட்டு, சர்வேயரோடு மதகிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். மேல்மடையில் பழைய வாய்க்கால் தடம் இன்னும் தெரியும், மழைக்குப் பிறகு தெரியாது.

தாக்கல் செய்த கையோடு சமாதானம் பேசுங்கள். தீர்ப்பு, அப்பீல் என்று வருடக்கணக்கில் போகும், வயல் காத்திருக்காது. பூங்காப் பட்டையை அவர் விற்க முடியாது, அதன் ஓரத்தில் வாய்க்கால் விடுவதால் அவருக்கு ஒரு மனைகூடக் குறையாது. அதனால் இறங்கி வருவார். ஆனால் இடம் இப்போது ஊராட்சியுடையது. தலைவர் லெட்டர்பேடு போதாது, மன்றத் தீர்மானமும் நகர் ஊரமைப்பு அலுவலகம் ஏற்ற திருத்திய வரைபடமும் வேண்டும். மூன்று தரப்பும் கையெழுத்திட்ட சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அகலம், ஆழம், யார் தூர்வாருவது எல்லாம் அதில் வரட்டும். தெருவைக் கடக்கும் இடத்தில் 600 மி.மீ. சிமெண்ட் குழாய், வாயில் வண்டல் தொட்டி. குழாயின் அடிமட்டம் உங்கள் வயலின் தாழ்ந்த மூலையைவிட உயரமாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாது, சம்பா அழுகும். அந்த மட்டத்தை எண்ணால் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.