ஆற்றில் வெள்ளம், கால்வாயில் பனிக்கட்டி: குளிர்காலத் தூண்டில் கேள்வி–பதில்

இங்கிலாந்தில் வாழும் வாசகர்களிடமிருந்து குளிர்கால மீன்பிடிப்பைப் பற்றி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மதுரையிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் இவற்றோடு சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த நாளாகப் பார்த்து மழையோ காற்றோ வந்துவிடுகிறது. அத்தகைய நாளில் ஆற்றுக்குப் போவது நல்லதா, வீட்டருகே உள்ள கால்வாய்க்குப் போவது நல்லதா? (வாசகர், ஆல்பர்ட்டன், லண்டன்)

பதில்: ஞாயிறன்று மழை பெய்கிறதா என்பதைவிட, அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் நீரின் வெப்பநிலை ஏறியதா, இறங்கியதா என்பதையே தாங்கள் முதலில் பார்க்க வேண்டும். மீனின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தை ஒட்டியே இருப்பதால், நீர் குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகி, இரை தேடும் ஆர்வமும் குறைந்துவிடுகிறது. ஆனாலும் பல நாட்களாக ஐந்து டிகிரியிலேயே நிலைத்திருக்கும் நீரில் மீன் அந்தக் குளிருக்குப் பழகி ஓரளவு இரை எடுக்கும். எட்டு டிகிரியிலிருந்து ஒரே இரவில் ஆறு டிகிரிக்கு இறங்கிய நீரில் அது வாயைத் திறப்பதே அரிது. அட்லாண்டிக் பக்கமிருந்து தென்மேற்குக் காற்று மழையைக் கொண்டுவரும் நாட்கள் மனிதருக்குத் தொல்லை தந்தாலும், அந்தக் காற்று வெதுவெதுப்பானதாகையால் நீரின் வெப்பம் ஏறுகிறது. மாறாக, வானம் தெளிந்து, வெயில் அடித்து, கீழைக் காற்றும் இரவில் உறைபனியுமாக இருக்கும் நாள் பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம்; தூண்டில்காரருக்கு அதுவே மோசமான நாள்.

ஆறா, கால்வாயா என்ற கேள்விக்கு வருகிறேன். தொடர்ந்து மழை பெய்தால் ஆறு கரைபுரளும். கால்வாயின் நீர்மட்டமோ வழிந்தோடிகளாலும் மதகுகளாலும் கட்டுப்படுத்தப்படுவதால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தங்கள் ஊரின் வழியே செல்லும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகறை ஒன்றுகூட இல்லாததால், அங்கே நீரோட்டம் மிகவும் குறைவு. ஆற்றில் வெள்ளம் போகும் ஞாயிறுகளில் அது தங்களுக்கு வாய்த்த வசதி என்றே சொல்வேன். ஆனால் கால்வாயின் ஆழம் நடுவில்கூட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், கடும் குளிரில் அது ஆற்றுக்கு முன்பாகவே குளிர்ந்துவிடும். ஆகவே வெள்ளக் காலத்தில் கால்வாயையும், மழையின்றி உறைபனி விழும் காலத்தில் ஆற்றையும் நாடுவது என் பரிந்துரை. லீ, கென்னட் போன்றவற்றின் சில பகுதிகள் கால்வாய் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் ஆறுகளே. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

கால்வாயில் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து குறைந்து, கலங்கல் அடியில் படிந்து, நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அப்போது ரோச், பெர்ச் போன்ற மீன்கள் திறந்த வெளியை விட்டு, கட்டி வைத்த படகுகளின் அடியிலும், பாலத்தின் நிழலிலும், படகுகள் திரும்புவதற்காக அகலப்படுத்திய இடங்களிலும் நெருக்கமாகக் கூடுகின்றன. நூறு மீட்டர் தூரம் மீனே இல்லாமல் இருந்து, அடுத்த பத்து மீட்டரில் எல்லாம் மொய்த்திருக்கும். ஆகையால் ஓரிடத்தில் அரை மணி நேரம் அசைவே இல்லையென்றால் எழுந்து நடப்பதே நல்லது. பகலில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும், வெளிச்சம் மங்கும் கடைசி ஒரு மணி நேரத்தைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: டிரென்ட் ஆறு மழைக்குப் பிறகு செந்நிறமாகப் பெருகி ஓடுகிறது. இந்த நீரில் மீன் கிடைக்குமா? முன்பெல்லாம் இங்கே குளிர்காலத்திலும் நன்றாகக் கிடைத்தது என்று பழைய தூண்டில்காரர்கள் சொல்வது உண்மையா? (வாசகி, நாட்டிங்ஹாம்)

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். டிரென்ட் கரை நெடுகிலும் நிலக்கரி மின்நிலையங்கள் இருந்த காலத்தில், அவை குளிர்விப்புக்கு எடுத்த நீரை வெதுவெதுப்பாகவே ஆற்றில் திருப்பி விட்டதால், குளிர்காலத்திலும் மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோரும் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. இன்றைய டிரென்ட் மற்ற ஆறுகளைப் போலவே குளிரும். ஆகவே பழைய கதைகளை நம்பி ஜனவரியில் பெரிய எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.

வெள்ளத்தில் மீன் கிடைக்குமா என்றால், வெள்ளத்தின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. நீர் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது கிளைகளும் இலைகளும் அடித்து வந்து தூண்டில் நரம்பில் சிக்கும். கரையும் பாதுகாப்பாக இராது. அப்போது போக வேண்டாம். ஏற்றம் நின்று, மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கி, செந்நிறம் மாறிச் சற்றே பச்சை தெரியும் நாள்தான் தாங்கள் காத்திருக்க வேண்டிய நாள். சுற்றுச்சூழல் முகமை ஆறுகளின் மட்டத்தைப் பல இடங்களில் அளந்து இணையத்தில் வரைபடமாக வெளியிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் அந்த வரைபடத்தின் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்கெடுத்த ஆற்றில் எந்த மீனும் நடு ஓட்டத்தை எதிர்த்து நின்று வலிமையை வீணாக்காது. வளைவின் உட்புறம், விழுந்த மரத்தின் பின்புறம், ஓடை வந்து சேரும் வாய், படகுத்துறை ஆகிய இடங்களில் நீர் சுழன்றோ தேங்கியோ இருக்கும். மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். கோடையில் முழங்கால் ஆழமும் இல்லாத கரையோரத்தில்கூட அப்போது பார்பெல் மீன் கிடப்பதுண்டு. தென்மேற்கு மழையால் வந்த வெள்ளமானால் பார்பெல் இரை எடுக்கும். குளிர்ந்த வெள்ளமானால் சப் மீன் ஒன்றையே நம்பலாம். கலங்கல் நீரில் மீன் கண்ணைவிட மோப்பத்தையே நம்புவதால், பெரிய மண்புழுவும், வாசனையுள்ள டப்பா இறைச்சித் துண்டும் ஏற்ற இரைகள். உருகிய பனி கலந்து வரும் வெள்ளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நீர் உறைநிலைக்கு அருகில் இருக்கும். சாலைகளில் தூவிய உப்பையும் அடித்துக்கொண்டு வரும்.

கடும் ஓட்டத்தில் அடியில் நிறுத்தக் கனமான குண்டு வேண்டியிருக்கும் அல்லவா? ஊரிலிருந்து கொண்டு வந்த ஈயக்குண்டுகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கி மடிந்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பது 1987 முதல் இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவதும் கூடாது.

கேள்வி: நீர் உறைந்து போனால் அதனுள் இருக்கும் மீன் எப்படிச் சாகாமல் இருக்கிறது? (வாசகர், மதுரை)

பதில்: நீர் நான்கு டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தி கொண்டது, அதைவிடக் குளிர்ந்தால் அது மீண்டும் இலேசாகி மேலே வந்து, மேற்பரப்பில் உறைகிறது. ஆகவே தேங்கிய கால்வாயில் மேலே பனிக்கட்டி பரவியிருக்க, அடியில் நான்கு டிகிரியை ஒட்டிய நீரில் மீன்கள் அசையாமல் கிடந்து குளிர்காலத்தைக் கழிக்கும். ஓடும் ஆற்றில் நீர் இடைவிடாமல் கலப்பதால் இந்த அடுக்கு உண்டாவதில்லை. அங்கே அடிநீரும் உறைநிலையை நெருங்கும். 1962–63 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன.  ஏற்கெனவே நலிந்திருந்த சரக்குப் படகுத் தொழில் அந்த உறைவுக்குப் பிறகு எழவே இல்லை.

கேள்வி: காற்றழுத்தமானி இறங்கினால் மீன் கடிக்கும், ஏறினால் கடிக்காது என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், ரெடிங்)

பதில்: பாதி நம்பலாம். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறுவது, மீனைப் பொறுத்தவரை நீரில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கோ இறங்குவதற்கோ சமம். அழுத்தம் 1030-லிருந்து 990-க்கு இறங்கினாலும் அது நாற்பது சென்டிமீட்டர் ஆழ வேறுபாடுதான். இரை தேடும் மீன் ஒரு நாளில் அந்த ஆழத்தைப் பலமுறை கடந்துவிடும். எனவே அழுத்தமே மீனைத் தூண்டுகிறது என்பதை ஏற்பது கடினம். ஆனால் குளிர்காலத்தில் தாழ்வழுத்தம் வந்தால் மேகமும் மங்கிய ஒளியும் மிதமான காற்றும் உடன் வருகின்றன. உயரழுத்தம் வந்தால் தெளிந்த வானமும் இரவு உறைபனியும் வருகின்றன. தாங்கள் காற்றழுத்தமானிக்குப் பதிலாக ஒரு சிறிய வெப்பமானியை நூலில் கட்டி நீரில் இறக்கிப் பார்த்தால் அதிகப் பயன் கிடைக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் இரை எவ்வளவு போட வேண்டும்? பாலாடைக்கட்டிப் பிசைவு கல்லாகிவிடுகிறதே? (வாசகர், லெஸ்டர்)

பதில்: கோடையில் போடுவதில் கால் பங்குகூட வேண்டாம். மந்தமாக இருக்கும் மீனின் வயிறு எளிதில் நிறைந்துவிடும். பிறகு தூண்டில் முள்ளில் உள்ளதை அது சீண்டாது. கால்வாயில் ரோச் மீனுக்கு வெள்ளை ரொட்டித் துண்டிலிருந்து சிறு வட்டங்களாக வெட்டியெடுத்து மெல்லிய நரம்பில் கோப்பதே போதும். தூளாக்கிய ரொட்டியில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைத் தொடக்கத்தில் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். நன்றாகக் கடித்துக்கொண்டிருந்த மீன்கள் திடீரென்று நின்றால், அருகில் மற்ற மீன்களைத் தின்னும் பைக் மீன் வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பாலாடைக்கட்டி குளிர்ந்த நீரில் இறுகும் இயல்புடையது. ரொட்டித் தூளும் சிறிது எண்ணெயும் சேர்த்து, வீட்டில் மிக மென்மையாகத் தோன்றும் பதத்துக்குப் பிசைந்தால்தான் ஆற்றடியில் முள் வெளியே வரும் அளவுக்கு இளகி இருக்கும்.

கேள்வி: தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு ஓடுவதில்லை. என்ன செய்வது? (வாசகர், இல்ஃபர்ட்)

பதில்: கோலின் நுனியை நீருக்குள் சிறிது நேரம் அமிழ்த்தி எடுங்கள், காற்றைவிட நீர் வெப்பமாக இருப்பதால் உறைவு இளகும். வளையங்களில் முன்பே சிறிது வாஸலின் தடவுவதும் உண்டு. அத்தகைய குளிரில் பிடித்த மீனை வெளியே வைத்துப் படமெடுக்க வேண்டாம். செவுளும் கண்ணும் பாதிக்கப்படும். நீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

கேள்வி: பதினான்கு வயதான என் மகன் பனிக்காலத்திலும் கால்வாய்க்குத் தனியே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அனுப்பலாமா? (வாசகி, பர்மிங்காம்)

பதில்: தனியே அனுப்ப வேண்டாம், துணையோடு அனுப்பலாம். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவர் தம்மையறியாமல் மூச்சை இழுப்பார்; நீச்சல் தெரிந்தவரும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் மூழ்குகிறார். அப்போது நீந்த முயலாமல், தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே கரையை நாட வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். கால்வாயின் சுவர் செங்குத்தாக இருப்பதால் ஏறி வருவது கடினம். கரைக்கல்லோ உறைபனியில் வழுக்கும். மிதவைச் சட்டை அணிவது கட்டாயமாக இருக்கட்டும். பனிக்கட்டி எவ்வளவு தடிமனாகத் தோன்றினாலும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. நண்பன் விழுந்தாலும் பின்னால் குதிக்காமல் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உடல் சூட்டை இழுத்துவிடும் என்பதால் கம்பளி உடையை அடுக்கடுக்காக அணிவித்து, மேலே மழை உடை போடுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்துவதால், மின்கம்பிகளின் அருகிலும் இடியுடன் மழை பெய்யும்போதும் அதை நிமிர்த்தவே கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் வீல் நோய் கால்வாய் நீரில் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு, உண்பதற்கு முன் கையைக் கழுவச் சொல்லுங்கள். மேலும் அவனுக்கு 13 வயது நிறைந்துவிட்டதால் தூண்டில் உரிமம் தேவை. 16 வயது வரை அது இலவசம். ஆனாலும் எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா? (வாசகி, கோவென்ட்ரி)

பதில்: ஆறுகளில் ஒரு நாளைக்கு 65 சென்டிமீட்டர் வரையுள்ள ஒரு பைக், 30 முதல் 38 சென்டிமீட்டர் வரையுள்ள இரண்டு கிரேலிங், 20 சென்டிமீட்டர் வரையுள்ள பதினைந்து சிறு மீன்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள இங்கிலாந்தின் விதி இடம் தருகிறது, மீன்பிடி உரிமை உள்ளவரோ சங்கமோ அதையும் மறுக்கலாம், பெரும்பாலும் மறுக்கிறார்கள். கால்வாயில் உரிமையாளரின் அனுமதியின்றி எதையும் எடுக்க முடியாது. விலாங்கு எங்கே சிக்கினாலும் விட்டுவிட வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்களுக்குத் தூண்டில் போடவே தடை உள்ளது. குழம்புக்குக் கடையில் வாங்கும் மீனே நல்லது என்பது என் கருத்து; சேற்று வாடை இல்லாமல் இருக்கும்.