பழைய பேன்ட் இன்னும் பொருந்துகிறதே!

கேள்வி: எனக்கு 49 வயது. உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன், அவ்வளவுதான். பத்து வருஷமாக ஒரே அளவு பேன்ட்தான் போடுகிறேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். இந்த வயதில் மெட்டபாலிசம், அதாவது உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகம், குறைவது இயற்கைதானே? ஆனால் போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சீட்டில் 'உடல் பருமன்' என்று எழுதிவிட்டார். அவமானமாக இருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. என்பதே தப்புக் கணக்கு என்கிறார்களே? இதற்கு நேர்மாறாக, 160 செ.மீ. உயரமும் 56 கிலோ எடையும் உள்ள என் மனைவி, தான் குண்டாகிவிட்டதாகப் புலம்புகிறாள். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் தவறு. உங்கள் தவறு ஆபத்தானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

88ஐ 1.68ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 1.68ஆல் வகுத்தால் 31 வருகிறது. இதுதான் உங்கள் பி.எம்.ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோலில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். ஆசிய மக்களுக்கு இன்னும் முன்னதாகவே ஆபத்து தொடங்குகிறது என்பதால் 23, 27.5 ஆகிய எல்லைகளையும் கவனிக்கச் சொல்லி அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்தது. எந்த அட்டவணையை விரித்தாலும் டாக்டர் எழுதியதில் பிழை இல்லை.

பி.எம்.ஐ. மீது சொல்லப்படும் குறைகள் உண்மையானவை, மறுக்க மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர், மனிதக் கூட்டத்தின் சராசரியைப் புரிந்துகொள்ளக் கண்ட விகிதம் அது. அன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரை வைத்தது 1972இல்தான். தசை எது, கொழுப்பு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. அதை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் என்று முடிவு கட்டாதீர்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள் என்று 2025இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையமும் சொல்லியிருக்கிறது.

ஆனால் இந்தக் குறையால் தப்பிப்பவர் யார்? உடலெங்கும் தசை முறுக்கேறிய விளையாட்டு வீரர். நடுத்தர வயதில் அந்தக் கணக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகத்தான் ஏமாற்றுகிறது. முப்பதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. 25 வயதில் இருந்த அதே எடை 49இலும் இருந்தால்கூட, உள்ளே கொழுப்பு கூடியிருக்கும். அதாவது உங்கள் விஷயத்தில் 31 என்ற எண் உண்மையைக் குறைத்துக் காட்ட வாய்ப்பு உண்டே தவிர, மிகைப்படுத்துவதற்கு வாய்ப்பு குறைவு.

அப்புறம் அந்த பேன்ட். நீங்கள் பெரிதாக நம்பும் சாட்சி அதுதான். வயிறு முன்னால் வர வர, ஆண்கள் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறோம். பெல்ட் இறங்கியிருக்கும், ஓட்டை மாறியிருக்காது. பேன்ட்டின் அளவு இடுப்பெலும்பைச் சொல்கிறது, வயிற்றைச் சொல்வதில்லை. ஒரு தையல் நாடாவை எடுங்கள். விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் ஓரத்துக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். உங்கள் உயரத்தில் பாதி 84 செ.மீ. அதற்குமேல் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு கவலைப்பட வேண்டும். ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி திறக்கிறது. தொடையில் சேர்வது அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை.

"எல்லோரும் இப்படித்தான்" என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த வரி இதுதான், ஏனென்றால் அது உண்மை. 2022இல் உலகின் வயதுவந்தவர்களில் 43 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். நம் கண் தன் எடையைத் தனியாக எடை போடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டே பார்க்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பருத்தால் 'சாதாரணம்' என்ற அளவும் சேர்ந்து பருக்கிறது. பிரிட்டனில் 1999இலும் 2007இலும் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார்கள். முதலாவதில், அதிக எடை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் தங்கள் எடை அதிகம் என்று சரியாகச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகளில் அது 75 ஆகக் குறைந்துவிட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் எடை கூடியது, உணர்வு குறைந்தது.

போதாக்குறைக்கு, எடை கூடும் வேகமும் நம்மை ஏமாற்றுகிறது. வருஷத்துக்கு அரைக் கிலோ கூடினால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இருபது வருஷத்தில் அது பத்துக் கிலோ. கண்ணாடி முன் நாம் நேராக நிமிர்ந்து நின்று முகத்தைத்தான் பார்க்கிறோம். நாம் அறியாத நேரத்தில் யாரோ பக்கவாட்டில் எடுத்த போட்டோதான் உண்மையைக் காட்டுகிறது. எனக்கு அப்படி ஒரு போட்டோ வந்தபோது, அது நான்தான் என்று புரியவே சில நொடிகள் ஆயின. அன்றுதான் எடை பார்க்கப் போனேன்.

மெட்டபாலிசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021இல் சயன்ஸ் இதழில் வந்தது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயதுவரை அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாற்பதுக்கு மேல் மாறுவது பெரும்பாலும் நடையும், தூக்கமும், தட்டும்தான்.

உங்கள் மனைவிக்கு வருகிறேன். அவருடைய எண் 22. அவர் குண்டு இல்லை. அதிக எடையை ஆண்கள் உணராமல் இருப்பதும், சரியான எடையிலேயே தங்களைக் குண்டு என்று பெண்கள் நினைத்துக்கொள்வதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பட்டினி கிடந்து அவர் எடையைக் குறைத்தால் கரைவதில் தசையும் இருக்கும். அவருக்கு அது நஷ்டம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரும் என்பதால், அவரும் நாடாவால் அளந்து 80 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். அது போதும்.

அவமானமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. தன்னைக் குண்டு என்று நினைத்தவர்களுக்கே பின்னாளில் எடை அதிகமாகக் கூடியிருந்தது. அந்த நினைப்பு சரியா தப்பா என்பது பொருட்டாகவே இல்லை. மனக்கஷ்டம் சாப்பாட்டில் போய் முடிகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அதனால்தான் உங்களைக் கூசவைக்க நான் விரும்பவில்லை. ரத்த அழுத்தம் 150 என்று சீட்டில் எழுதினால் அவமானப்படுவீர்களா? மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். இதையும் அப்படியே படியுங்கள்.

சரி, என்ன செய்வது? பழைய இளமை எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2002இல் முடிவு வெளியானது. அவர்களின் சராசரி வயது 51, கிட்டத்தட்ட உங்கள் வயது. ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது. அவர்களிடையே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்றால் ஆறு கிலோ.

மறுபடி டாக்டரிடம் போய் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். போவதற்கு முன் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.