புரண்டு படுத்தால் உயிர் போகிறது!

கேள்வி: எனக்கு இது 29-வது வாரம். பிறப்புறுப்புக்குச் சற்று மேலே, எலும்பிலேயே வலிக்கிறது. இரவில் புரண்டு படுத்தால் உயிர் போகிறது. 'உட்கார்ந்து வீட்டைத் துடை, சுகப்பிரசவம் ஆகும்' என்கிறார் மாமியார். துடைத்தால் வலி கூடுகிறது. குழந்தைக்கு ஏதும் ஆகிவிடுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த வலியால் குழந்தைக்குப் பாதிப்பில்லை. நீங்கள் சொல்லும் இடத்தில்தான் இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்பக்கம் இணைகின்றன. வழக்கமாக 4-5 மி.மீ. இருக்கும் இடைவெளி, கர்ப்பத்தில் மேலும் 2-3 மி.மீ. விரிவது இயல்பு. தசைநார்கள் தளர்ந்து, முன்மூட்டும் பின்னால் உள்ள இரு மூட்டுகளும் சமமாக அசையாமல் போனால் வலிக்கும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. கால்சியம் குறைவு என்று நினைத்து நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

ஒரு காலில் மட்டும் பாரம் இறங்குவதும் கால்கள் அகல்வதும்தான் இந்த மூட்டுக்கு ஆகாது. குந்தித் துடைக்கும்போது இரண்டுமே நடக்கின்றன. மாமியாரிடம் டாக்டர் தடுத்துவிட்டார் என்றே சொல்லுங்கள்! சம்மணமும் இந்தியன் டாய்லெட்டும் ஸ்கூட்டர் பின்சீட்டும் இப்போதைக்கு வேண்டாம். சுடிதார் பேன்ட்டை உட்கார்ந்து மாட்டுங்கள். படியில் ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஆட்டோவில் முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரு கால்களையும் சேர்த்தே உள்ளே எடுங்கள்.

புரளும்போது முழங்கால்களை மடக்கி, இரண்டையும் ஒட்டவைத்து, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது இரு கால்களுக்கும் இடையே, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தலையணை இருக்கட்டும். கணுக்கால் தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். வழுக்கும் துணியில் நைட்டி போட்டால் புரள்வது சுலபம்.

இடுப்பு பெல்ட்டைப் பலர் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு 'பலனில்லை' என்கிறார்கள். அது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி வர வேண்டும், படுக்கும்போது கழற்றிவிடலாம். பிசியோதெரபிஸ்டிடம் அளவு பார்த்து வாங்குங்கள், அவரிடமே பயிற்சியும் கற்றுக்கொள்ளலாம். மாத்திரை தேவைப்பட்டால், டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் கூடாது. 20 வாரத்துக்குப் பின் அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

வலி விட்டுவிட்டு வந்து வயிறு இறுகினால், ரத்தமோ நீரோ கசிந்தால், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், கால்கள் மரத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: இந்த வலி இருந்தால் சிசேரியன்தானா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை, பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. 36-வது வாரத்தில் கால் மடக்கிப் படுத்து, வலிக்காத வரை முழங்கால்களை விரித்து, இடைவெளியை டேப்பால் அளந்து ஃபைலில் எழுதிவையுங்கள். பிரசவத்தின்போது முடிந்தவரை அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதுகில் வலியில்லா ஊசி போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம், அதிகம் விரித்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுத்தோ, முட்டி போட்டுக் கைகளை ஊன்றியோ பிரசவிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தையல் போடக் காலைத் தூக்கும்போதும் இரண்டையும் ஒன்றாகவே தூக்க வேண்டும்.