அந்த நீளக்கைக்கு இன்னும் பதில் போகவில்லை

கேள்வி: விளையாட்டு உடைகள் தைத்து விற்கும் சிறுதொழிலை ஓராண்டாக நடத்துகிறேன். இன்ஸ்டகிராமில் தினமும் இரண்டு படம் போடுகிறேன், மாதம் ஒரு குலுக்கல் நடத்துகிறேன். லைக் விழுகிறது, ஆர்டர் வருவதில்லை. நைக்கி மாதிரி நிறுவனங்கள் மட்டும் வாடிக்கையாளர்களை எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன? ஐயாயிரம் ஃபாலோயர்களை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. வாங்காதீர்கள். அந்த ஐயாயிரம் பேரில் ஒருவர்கூட உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்க்கப்போவதில்லை. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016-லேயே சமூக ஊடக விளம்பரங்களுக்கு வழிகாட்டி நெறிகள் வெளியிட்டுவிட்டது. காசு கொடுத்து லைக் சேர்ப்பது தவறு, காசு வாங்கிப் பாராட்டுபவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து உங்கள் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். படங்கள் நன்றாகவே இருக்கின்றன. நீல ஜெர்சி படத்துக்குக் கீழே ஒரு பெண், "நீளக்கை வைத்துக் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று வாரமாகியும் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் கீழே ஒருவர் எல் சைஸின் மார்பளவைக் கேட்கிறார். "டிஎம் பண்ணுங்க", அதாவது தனிச்செய்தியில் கேளுங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஏன்? மார்பளவு என்ன ரகசியமா? கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அதே சந்தேகத்தோடு சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. உங்கள் ஆர்டர் தொலைந்த இடம் இதுதான்.

இதே அனுபவம் எனக்கும் உண்டு. வாங்கி இரண்டு மாதம் ஆன ஓட்டக் காலணியின் அடிப்பாகம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாதி வழியில் வாயைப் பிளந்தது. படம் எடுத்து அந்த நிறுவனத்தின் பக்கத்தில் போட்டேன். இதயக் குறியும் "உங்கள் பயணத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி" என்ற ஒரு வரியும் வந்தன. அந்தப் படத்தை ஒரு மனிதர் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கவே மாட்டார். அப்புறம் நான் குயின்ஸ்வே ஷாப்பிங் சென்டருக்குத்தான் போனேன். கடைக்காரர் என் பழைய காலணியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்ததை விரலால் தடவிக் காட்டி, "அங்கிள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தார். இன்றுவரை அங்கேதான் வாங்குகிறேன்.

சரி, நைக்கிக்கு வருவோம். 2006-இல், இன்ஸ்டகிராம் பிறப்பதற்கு முன்பே, அந்த நிறுவனம் ஆப்பிளோடு சேர்ந்து காலணிக்குள் வைக்கும் சிறிய உணர்கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதை அது ஐபாடு என்ற பாட்டுக் கருவிக்குச் சொல்லும். வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றினால் நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிடலாம், நண்பரைப் போட்டிக்கு இழுக்கலாம். யோசித்துப் பாருங்கள், அங்கே பேச்சு முழுக்க ஓடுகிறவரைப் பற்றியது. காலணி கூடவே வந்தது, அவ்வளவுதான். பிறகு டுவிட்டரில் குறை கேட்பதற்கென்றே தனிக் கணக்கு ஒன்றையும் வைத்தார்கள். விளம்பரம் ஒரு பக்கம் ஓடட்டும், பொருள் வந்து சேரவில்லை என்பவருக்கு இன்னொரு பக்கம் பதில் போகட்டும் என்ற ஏற்பாடு அது. நீங்கள் அவர்களிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

அவர்களிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது என்பீர்கள். உடற்பயிற்சி உடை விற்கும் ஜிம்ஷார்க் நிறுவனத்தைப் பாருங்கள். 2012-இல் இங்கிலாந்தில் பென் ஃபிரான்சிஸ் என்ற மாணவர் நண்பரோடு தொடங்கியது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே, பெற்றோர் வீட்டு கராஜில் தையல் இயந்திரத்தைப் போட்டுத் தைத்தார். யூடியூபில் தாமே விரும்பிப் பார்த்துவந்த உடற்பயிற்சிக்காரர்களுக்கு உடைகளை அனுப்பினார்கள். உங்களுக்கு யூடியூப் பிரபலம்கூட வேண்டாம். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் நாலு பேரிடம் சட்டையைக் கொடுத்து, மூன்று மாதம் துவைத்துத் துவைத்துப் போட்ட பிறகு படம் கேளுங்கள். இலவசமாக வாங்கியது என்பதையும் அவர்களே எழுதட்டும். அக்குளில் உரசுகிறது என்று ஒருவர் சொன்னால் அதையும் மறைக்காமல் போட்டு, தையலை மாற்றிய பிறகு மாற்றியதையும் காட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை முதுகில் ஒட்டுகிறதா இல்லையா என்பதை விளம்பரப் படம் சொல்லாது. ஓடி முடித்தவர் சொல்வார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதில் சொல்ல நேரமில்லை என்று இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். 2019-இல் அடிடாஸ் ஆர்சனல் கால்பந்து அணியின் புது ஜெர்சிக்காக டுவிட்டரில் ஒரு ஏற்பாடு செய்தது. பதிவுக்கு லைக் போட்டால், போட்டவரின் கணக்குப் பெயர் ஜெர்சியின் முதுகில் அச்சானது போன்ற படம் தானாகவே வெளிவரும். சிலர் இனவெறிச் சொற்களைக் கணக்குப் பெயராக வைத்துக்கொண்டு லைக் போட்டார்கள். அந்தச் சொற்களைத் தாங்கிய ஜெர்சிகள் அடிடாஸின் கணக்கிலிருந்தே வெளியே போயின. அத்தனை பெரிய நிறுவனம் அவசரமாக அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

உங்களுக்கு ஒரு நாளைக்கு வருவதே பத்துக் கேள்விதான். அதுவும் ஒரு வசதி. பத்துக்கும் உங்கள் கையாலேயே, கேட்டவர் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் எழுதலாம். இந்த மாதக் குலுக்கலை விட்டுவிட்டு, எல் சைஸ் ஜெர்சியை மேசையில் விரித்து, அளவுநாடா வைத்து, மார்பு, நீளம், தோள் மூன்றையும் சென்டிமீட்டரில் படம் எடுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் நீளக்கை கேட்ட அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள். முடியும் என்றால் எந்தத் தேதிக்கு, எத்தனை வெள்ளி என்றும், முடியாது என்றால் ஏன் என்றும் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே.