சர்வேயா, நேர்காணலா? பயனர் ஆய்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பஸ் டிக்கெட் ஆப்பில் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டுப் பலர் வெளியேறிவிடுகிறார்கள். காரணம் கேட்டு சர்வே அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். காரணமே தெரியாமல் சர்வே எழுதினால், நீங்கள் ஊகித்த நாலு காரணங்கள்தான் ஆப்ஷன்களாக நிற்கும். ஐந்தாவது ஒன்று இருந்தால் 'மற்றவை'க்குள் போய் ஒளிந்துகொள்ளும். போன வாரம் பாதியில் விட்டவர்களில் எட்டுப் பேரிடம் ஆளுக்கு அரை மணி நேரம் பேசுங்கள். ஓடிபி வரவில்லை, சீட் எடுக்கும்போது ஒரு விலை, கடைசியில் வேறு விலை என்று காரணங்கள் கைக்கு வரும். எது எத்தனை பேருக்கு என்று எண்ணத்தான் சர்வே.

கேள்வி: ஐந்து பேரே போதும் என்கிறார்களே?

அது பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது. ஆளை உட்காரவைத்து ஆப்பைப் பயன்படுத்தச் சொல்லிச் சிக்கல் பிடிக்கும் சோதனைக்கான கணக்கு, நேர்காணலுக்கு அல்ல. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 60 நேர்காணல்களில் முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம். உங்களுக்கு மாணவர், வியாபாரி என்று இரண்டு வகை இருந்தால் தனித்தனியாக எண்ணுங்கள். அடுத்தடுத்து மூன்று பேரிடம் புதிதாக ஒன்றும் வரவில்லையா, நிறுத்திவிடலாம்.

கேள்வி: சர்வேக்கு எத்தனை பதில் வேண்டும்?

95% நம்பகத்தில், அதாவது இதே சர்வேயை நூறு முறை எடுத்தால் 95 முறை பிழை சொன்ன வரம்புக்குள் நிற்கும் என்ற அளவில், ±5% பிழை போதுமென்றால் 385. ±3% வேண்டுமென்றால் 1,068. நூறு பேர் என்றால் பிழை ±10% பக்கம். ஆனால் இந்தக் கணக்கு, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும். 1936 அமெரிக்கத் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியும் லாண்டன் ஜெயிப்பார் என்றது, ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு வாங்கும் பதிலும் இதே ரகம்தான். ஆப்பை வெறுத்து நீக்கியவர் அந்த லிங்க்கைத் திறக்கவே மாட்டார்.

கேள்வி: நேர்காணலில் எல்லாரும் "நல்லாருக்குங்க" என்றே சொல்கிறார்கள்.

முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "ஆப் எப்படி இருக்கு?" வேண்டாம். "கடைசியா டிக்கெட் போட்டீங்களே, போனைக் கையில எடுத்ததுலேருந்து சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். அவர் நிறுத்தியதும் நீங்கள் உடனே பேசாதீர்கள். ஐந்து விநாடி சும்மா இருந்தால், "அப்புறம் பாருங்க, காசு போயிடுச்சு, டிக்கெட் வரல" என்று நிஜம் வெளியே வரும். ஆப்பை எழுதியவரையே பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள். பதிலைக் கேட்பதைவிட்டு வாதாடத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: "பணம் கட்டுவது எளிதாகவும் வேகமாகவும் இருந்ததா?" இந்த சர்வே கேள்வி சரியா?

ஒன்றில் இரண்டு கேள்வி. எளிது, ஆனால் மெதுவாக இருந்தது என்பவர் எதை டிக் செய்வார்? பிரித்துவிடுங்கள். அனுப்பும் முன் ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "என்ன கேக்குதுன்னு புரிஞ்சுது?" என்று கேளுங்கள். தடுக்குகிற இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நேரம் இல்லை. எது சீக்கிரம் முடியும்?

ஒரு மணி நேர நேர்காணல் பதிவைக் கையால் தட்டச்சு செய்ய நாலு மணி நேரம் பிடிக்கும். அதனால் சர்வே சீக்கிரம் என்று தோன்றும். தப்பான கேள்வியோடு போய்விட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். இரண்டாவது முறை பதில் இன்னும் குறையும்.